ஒழுக்கு

திண்டுக்கல் ஊருக்குள்ள படகு ஓட்ட இடம் கிடையாது. குடகனாற்றில் தண்ணீர் வந்தால் அதுவே எங்களுக்குச் செய்தி. இங்கே மக்கள் பூட்டு செய்தார்கள், தோல் பதனிட்டார்கள், சுருட்டு சுற்றினார்கள். மூன்றுமே படகோடு தொடர்பில்லாத தொழில்கள். ஆனாலும் படகின் வரலாற்றில் எங்கள் சமவெளிக்கு ஒரு சின்ன இடம் உண்டு. 1863ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், கொடைக்கானலில் ஒரு ஓடைக்குக் கரை கட்டி ஏரியை உருவாக்கினார். அதில் மிதக்கவிட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார். அப்போது திண்டுக்கல்லும் கொடைக்கானலும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. திருச்சி–மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்ததே 1875ல்தான். ஆக அந்தப் படகுக்கு மாட்டு வண்டியும் ஆள் தோளும் தவிர வேறு வழி இல்லை. கரிசல் காட்டைத் தாண்டி, இன்றைய திண்டுக்கல்–தேனிச் சமவெளிக்கு வந்து, பிறகு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஏறணும்.

பலகைப் படகுக்கு இதைவிடக் கெட்ட பயணம் இருக்க முடியாது. தண்ணீரில் கிடக்கும்போது மரம் ஊறி உப்பியிருக்கும். பலகையும் பலகையும் ஒன்றையொன்று நெருக்கும், பொருத்து இறுகும். அதே படகைப் பல நாள் வெயிலில் வைத்தால் மரம் சுருங்கி, பொருத்துகள் வாய் திறக்கும். திரும்பத் தண்ணீரில் இறக்கியதும் முதல் நாள் ஒழுகும். மரம் குடித்து உப்பியதும் அதுவாகவே நிற்கும். இதைத் தெரிந்த படகோட்டி முதல் நாள் ஒழுக்கைப் பார்த்துப் பயப்பட மாட்டார். தெரியாதவர் உடனே எதையாவது திணித்து அடைப்பார். பிறகு மரம் உப்ப இடமில்லாமல் பலகையே பிளக்கும். எது நோய், எது மரம் தன்னைச் சரிசெய்துகொள்வது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஒழுக்குத் தேடலின் முதல் பாடம்.

இந்தக் கட்டுரை அந்தத் தேடலைப் பற்றியது. படகில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், அந்த அறிவு தண்ணியே இல்லாத எங்கள் ஊரின் மொட்டை மாடிகளில் எப்படி இருந்தது, ஏன் இப்போது காணாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

*

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஓதம், ஊறல், கசிவு, சொட்டு, ஒழுக்கு. எல்லாம் ஒன்றல்ல. சுவர் அடியிலிருந்து மேலே ஏறும் ஈரம் ஓதம். பரப்பு முழுக்க மெல்ல நனைவது ஊறல். ஒரு இடத்தில் சேர்ந்து விழுந்தால் சொட்டு. விழுவதற்கு ஒரு பாதை இருந்தால் ஒழுக்கு. “வீட்டுல தண்ணி வருது” என்று சொல்லாமல் “ஓதம் அடிக்குது” என்று சொல்லும் கிழவி, அந்த ஒரு சொல்லிலேயே பாதி காரணத்தையும் சொல்லிவிடுகிறார். நாமோ எல்லாவற்றையும் ‘லீக்’ என்று சொல்லப் பழகிவிட்டோம்.

ஒழுக்கு என்பது ‘உள்’ இருக்கும் பொருளுக்கு மட்டுமே வரும் சிக்கல். கட்டுமரத்துக்கு ஒழுக்கு கிடையாது. நாலைந்து மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கும். உள்ளே என்று ஒன்று இல்லாததால் உள்ளே வருவதும் இல்லை. ஒழுக்கு என்ற கேள்வியையே ரத்து செய்துவிட்ட வடிவமைப்பு.

அடுத்த படி சோழமண்டலக் கரையின் மசூலா படகு. இதற்கு ‘உள்’ உண்டு, ஆனால் ஆணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நாரையோ வைக்கோலையோ வைத்து இறுக்குவார்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்பு, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து துரைமார்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது இதுதான். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு விரிசல் விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதற்கு விலை, எப்போதும் ஒழுகும். தண்ணீரை இறைக்க ஒரு ஆள் உள்ளேயே இருப்பார். 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறைமுகத்தில் இப்படித் தைத்த கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோ, இவை மோசமானவை, ஆபத்தானவை என்று எழுதினார். கப்பலின் நோக்கில் அது சரியாக இருக்கலாம். சென்னை அலையில் நின்ற படகோட்டியின் நோக்கில், உடையாமல் ஒழுகுவது ஒழுகாமல் உடைவதைவிட எவ்வளவோ மேல்.

ஆணி அடித்த பெரிய தோணிகளுக்கு இன்னொரு தொழில் தேவைப்பட்டது. பலகை இடுக்கில் பருத்தித் திரியை உளியால் அறைந்து ஏற்றி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பூச்சைத் தடவுவது. இதற்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர், பேச்சில் கலப்பத்து. கலம், பற்று என்று பிரித்தால் சுத்தத் தமிழாகத் தோன்றும். ஆனால் இதே வேலைக்குப் போர்ச்சுகீசியத்தில் இருக்கும் ‘கலஃபாத்தே’ என்ற சொல்லோடு உறவுடையது என்பது அகராதிக்காரர்களின் கருத்து. சொல் கடல் வழியாக வந்து, இங்கே நமக்குப் பொருள் படும்படி ஒரு சட்டை போட்டுக்கொண்டது. கப்பல் கட்டும் தளங்களில் தச்சர் வேறு, கலப்பற்றுக்காரர் வேறு. கட்டுகிறவனும் ஒழுக்கு அடைக்கிறவனும் தனித்தனி ஆள், தனித்தனிக் கூலி. இந்தக் கூலி விஷயம் முக்கியம், பிறகு அதற்கு வருகிறேன்.

*

இதுவரை சொன்னது கீழே இருந்து வரும் தண்ணீர். மேலே இருந்து வருவது வேறு கதை. திறந்த படகில் மழை பெய்தால் இறைத்து ஊற்றிவிடலாம், அதைத் தேட வேண்டியதில்லை. மழை எதிரியானது படகுக்குக் கூரை வந்த பிறகு. சின்னப் படகுகளுக்குக் கூரை வந்ததில் எஞ்சினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1952ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகுகள் வந்தன. தமிழ்நாட்டுக் கரைகளிலும் விசைப்படகு பரவியது. எஞ்சின் நனையக் கூடாது, வயர் நனையக் கூடாது, டீசலில் தண்ணீர் கலக்கக் கூடாது. அதனால் மேல்தளம் வேண்டும், சுக்கான் பிடிக்கிறவருக்கு ஒரு அறை வேண்டும், அறைக்குச் சன்னல் வேண்டும். கூரை, சன்னல், கதவு, கம்பி, கொக்கி என்று ஒவ்வொன்றும் ஒரு துளை. கட்டுமரம் ரத்து செய்த கேள்வி நூறு துளைகளோடு திரும்பி வந்தது.

மரத்துக்குக் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் ஆபத்து. கேட்க விசித்திரமாக இருக்கும். மரத்தை அழுக வைப்பது தண்ணீர் அல்ல, தண்ணீரை நம்பி வாழும் பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. முழுக்க மூழ்கிவிட்டாலும் காற்றில்லாமல் வளராது. உப்பும் அதற்கு ஆகாது. ஆக அதற்குப் பிடித்தது, காற்றோட்டம் இல்லாத மூலையில் நின்றுபோன கொஞ்சம் நல்ல தண்ணீர். மேல்தளம் வழியாகச் சொட்டிய மழை அதைத்தான் கொடுக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கப்பல் கட்டியவர்கள் விலா மரங்களுக்கு நடுவே கல் உப்பைக் கொட்டி நிரப்பினார்கள். மழை கசிந்து வந்தால் உப்பைக் கரைத்துக்கொண்டு உப்புத் தண்ணீராகத்தான் மரத்தில் ஏறும். ஊறுகாய் போடுவது மாதிரிதான்.

பிரிட்டிஷ் கடற்படை இந்தப் பாடத்தைப் பெரும் செலவில் கற்றது. குவீன் சார்லட் என்ற போர்க்கப்பல் 1810ல் நீரில் இறங்கியது. நூற்றுக்கும் மேல் பீரங்கி தாங்கும் கப்பல். ஒரு போருக்கும் போகும் முன்பே அதன் மரம் அழுகிப்போயிருந்தது. எதிரி யார் என்று கண்டுபிடிக்க 1812ல் ஜேம்ஸ் சோவர்பி என்ற தாவர அறிஞரைக் கூப்பிட்டார்கள். அவர் கப்பலுக்குள் இறங்கி, வளர்ந்திருந்த பூஞ்சைகளை இனம் பிரித்து எழுதினார். அதே காலத்தில் பம்பாயில் வாடியா குடும்பத்தின் மேற்பார்வையில் தேக்கில் கட்டி, 1817ல் இறக்கிய டிரிங்கோமலி என்ற கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கில் இருக்கும் எண்ணெய்ச் சத்து பூஞ்சைக்கு ஒத்துவராது. நம் பாட்டன்மார் வீட்டு உத்தரத்துக்கும் தேக்கைத் தேடியது பெருமைக்கு மட்டும் அல்ல.

*

சரி, கூரை போட்ட ஒரு சின்ன மோட்டார் படகு. மழை பெய்தால் உள்ளே மெத்தை நனைகிறது. எங்கே தேடுவது?

முதல் சோதனை நாக்கு. கடலில் கிடக்கும் படகானால் தேங்கிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கணும். கரித்தால் கீழே பார், சப்பென்று இருந்தால் மேலே பார். அரை நொடியில் படகின் பாதியைத் தேடலிலிருந்து நீக்கிவிடலாம். கொடைக்கானல் ஏரியில் இது பலிக்காது. அங்கே மேலேயும் நல்ல தண்ணீர், கீழேயும் நல்ல தண்ணீர்.

இரண்டாவது, அது மழைதானா என்று உறுதி செய்வது. பூட்டிய அறையில் மூச்சுக்காற்றும் வெக்கையும் குளிர்ந்த கூரையில் பட்டு வியர்க்கும். சந்தேகமான இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி விட்டால் மறுநாள் தெரியும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் வியர்வை, உள்பக்கம் நனைந்திருந்தால் கசிவு.

மூன்றாவதுதான் நிஜமான வேலை. உள்ளே மறைத்திருக்கும் அட்டையை, துணியைக் கழற்றி, மரத்தை நன்றாக உலர வைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுவார்கள். பிறகு ஒருவர் வெளியே குழாயோடு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோகணும், மேலிருந்து கீழே அல்ல. மேலே ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கொக்கி, ஒரே ஒரு சன்னல் ஓரம். பத்து நிமிடம் காத்திரு. பவுடரில் கோடு விழுகிறதா பார். விழாவிட்டால் அடுத்தது. இன்னொரு வழி, கதவு சன்னலை அடைத்து ப்ளோயரால் உள்ளே காற்றை ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவுவது. சைக்கிள் பஞ்சர் பார்க்கிற அதே தத்துவம். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை.

பெரும்பாலும் குற்றவாளி பெரிய விரிசலாக இருக்காது. என்றைக்கோ ஒரு கொக்கியைப் பொருத்தப் போட்ட திருகாணித் துளையாக இருக்கும். அதில் போன தண்ணீர் கூரையின் உள்ளடுக்கில் சரிவைப் பிடித்து ஓடி, ஒரு வயரைப் பிடித்து வளைந்து, நான்கு அடி தள்ளி மெத்தையில் விழும். கண்ணாடி இழைப் படகு வந்ததும் இது தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். தீரவில்லை. அந்தப் படகுகள் பலவற்றின் மேல்தளத்தில் கெட்டித்தன்மைக்காக நடுவே மரமோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். திருகாணி வழியாக மழை அதில் இறங்கி, மேலும் கீழும் பளபளப்பாக இருக்க, நடுவில் மட்டும் அழுகும்.

உள்ளே ஈரம் தெரிந்த இடத்தில் சீலன்ட்டைப் பூசுவதுதான் எல்லாரும் செய்வது. அதுதான் செய்யக் கூடாதது. வரும் வழியை அடைக்காமல் வெளியேறும் வழியை அடைத்துவிட்டீர்கள். தண்ணீர் வருவது நிற்கவில்லை, தெரிவது நின்றுவிட்டது. நான் பிழைப்புக்குச் செய்யும் மென்பொருள் வேலையிலும் இதையே தினமும் பார்க்கிறேன். எரர் காட்டும் வரி ஒன்று, தப்பு இருக்கும் வரி வேறு. எரரை அமுக்கினால் டிக்கெட் மூடப்படும், தப்பு அப்படியே உள்ளே அழுகும்.

*

இப்போது திண்டுக்கல்லுக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாச்சி வீடு சுதந்திரத்துக்கு முன்பு கட்டியது. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைக் குத்துவாக, மூலைவிட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் மேலே தட்டோடு. யோசித்தால் இதுவும் ஒரு படகின் மேல்தளம்தான். மரச்சட்டம், இடுக்கு, இடுக்கை அடைக்கும் பசை, தண்ணீர் ஓட ஒரு சரிவு.

ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாத மழை எங்கள் சமவெளியில். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மீதி மாதமெல்லாம் வெயில். வெயிலில் தளம் விரியும், மழையில் சுருங்கும். லெவிஞ்சின் படகுக்கு நடந்தது எங்கள் மாடிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

சில வருஷம் முன்பு கார்த்திகையில் கூடத்தின் நடுவில், பழைய ஊஞ்சல் கொக்கியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. தண்ணீர்க் கசிவு அடைப்பதற்கென்றே இருக்கும் ஒரு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். கொக்கியைப் பார்த்தார்கள், நேர் மேலே மாடியில் நான்கடிக்கு ஒரு கெமிக்கலைப் பூசினார்கள். அடுத்த மழையில் அதே கொக்கி, அதே சொட்டு. திரும்ப வந்தவர்கள், தளம் செத்துப்போச்சு, இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுருங்க என்று ஒரு தொகை சொன்னார்கள். மாமா கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டார். எங்கள் தெருவில் இதே பேச்சைக் கேட்டு இடித்த வீடுகள் உண்டு.

அம்மாச்சிதான் ஒரு கொத்தனாரை வரச் சொன்னது. எழுபது வயசு இருக்கும். அவர் மாடிக்கே போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். “மழை பெய்யறப்ப சொட்டுதா, விட்டப்புறம் சொட்டுதா தம்பி?”

விட்டு ஒரு மணி நேரம் கழித்து என்றேன். “அப்ப தூரத்துல இருந்து வருது” என்றார்.

மறுநாள் மாடியைக் கூட்டி, களிமண்ணால் வரப்பு போட்டு, வயலில் பாத்தி கட்டுவது மாதிரி மாடியைப் பிரித்தார். ஒரு பாத்தியில் மட்டும் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, கீழே வந்து பாயில் உட்கார்ந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாவது நாள் இரண்டாவது பாத்தி, அப்போதும் இல்லை. மூன்றாவது நாள் கைப்பிடிச் சுவரை ஒட்டிய பாத்தி. மதியம் சாப்பிட்டு வரும்போது கொக்கி நனைந்திருந்தது. அங்கே சுவரடியில் டிஷ் ஆன்டெனா ஒன்றை நிறுத்த நாலு போல்ட் இறக்கியிருந்தார்கள். ஆன்டெனாவை எடுத்து வருஷமாச்சு, துளை மட்டும் இருந்தது. தண்ணீர் அதில் இறங்கி, தேக்குக் கட்டையைப் பிடித்து எட்டடி ஓடி, கொக்கியில் தடுக்கி விழுந்திருக்கிறது. அவர் படகைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு இடம், காத்திரு, பார் என்ற முறை அப்படியே அதுதான். குற்றவாளியும் அதேதான், மறந்துபோன போல்ட் துளை.

துளையைச் சுற்றிப் பிரித்து, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, தட்டோடு பதித்தார். ஏன் சிமென்ட் வேண்டாம் என்று கேட்டேன். “பழைய தளம் அசையும், சிமென்ட்டு அசையாது. ரெண்டும் சேர்ற எடத்துல வாய் விடும்” என்றார். மசூலா படகைத் தைத்தவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

சண்டை கூலியில் வந்தது. பூச்சு வேலை அரை நாள்தான். அவர் நான்கு நாள் கூலி கேட்டார். “மூணு நாள் சும்மா உக்காந்திருந்ததுக்கா?” என்றார் மாமா. கொத்தனார் கோபப்படவில்லை. “உக்காந்ததுதான்யா வேலை. மத்தது பூச்சு” என்றார். அம்மாச்சி உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து கொடுத்துவிட்டது.

இடித்துக் கட்டியிருந்தால் மாமா அந்தத் தொகையை வாதாடாமல் கொடுத்திருப்பார். இடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை, சாக்குக் கணக்கில் பில் போடலாம். கண்டுபிடிப்பதற்குச் சாக்குக் கணக்கு கிடையாது. கப்பல் கட்டிய காலத்தில் கலப்பற்றுக்காரருக்குத் தனிக் கூலி வைத்தவர்கள், ஒழுக்கைக் கையாள்வது தனித்த அறிவு என்று ஏற்றுக்கொண்டவர்கள். நம் கட்டட எஸ்டிமேட்டுகளில் அப்படி ஒரு வரியே கிடையாது. வரி இல்லாததால் கற்றுக்கொள்ள ஆளும் இல்லை. அந்தக் கொத்தனாரின் மகன் டைல்ஸ் ஒட்டுகிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்று தெளிவான கணக்கு, அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உள்ளே யாரும் வராமல் தடுப்பதில் எங்கள் ஊருக்கு இருந்த அறிவுக்கு ஒரு அடையாளம் கிடைத்தது, சந்தோஷம். சாவியில்லாமல் உள்ளே வரும் ஒன்றைத் தடுக்கவும் இதே ஊரில் ஒரு அறிவு இருந்தது. அதற்குக் குறியீடு கேட்டு யாரும் விண்ணப்பிக்கப் போவதில்லை. வரும் ஐப்பசியில் உங்கள் வீட்டில் சொட்டினால், யாராவது இடிக்கச் சொல்லும் முன்பு, மாடியில் பாத்தி கட்டிவிட்டுக் கீழே உட்காரத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். உட்கார்ந்த நாளுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.